வயர்க்கூடை

அம்மா பின்னிய வயர்க்கூடை ஒன்று என்னிடம் இருக்கிறது. பச்சையும் மஞ்சளும், சிவன் கண் பின்னல், கைப்பிடி மட்டும் வெள்ளை. கொருக்குப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பல வருஷம் போய்வந்த கூடை. இப்போது அதில் கத்தரிக்காய்க்குப் பதில் கேபிள் கிடக்கிறது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு அக்கா ஒரு தரம் எட்டிப் பார்க்கும். கறுப்பு கறுப்பாகச் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, “எலக்ட்ரீசியனா தம்பி?” என்று கேட்கும். “ஆமாக்கா” என்று சொல்லிவிடுவேன். லினக்ஸ் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டிப் படம் காட்டுகிறவன் என்று விளக்க ஆரம்பித்தால் அதற்குள் மின்ட் ஸ்டாப் வந்துவிடும்.

லினக்ஸ் மாதிரி, யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றி வடசென்னையில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுகிறவன் நான். கல்லூரி, பள்ளிக்கூடம், இரவுப் பாடசாலை, சங்க அலுவலக மாடி, ஒரு தடவை கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். அந்தப் பேச்சுகளில் என்ன பேசினேன் என்பது பாதி மறந்துவிட்டது. எந்த இடத்தில் எந்த ஒயர் காலை வாரியது என்பது மட்டும் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. கூடையில் கிடக்கும் ஒவ்வொன்றும் ஒரு அவமானத்துக்குப் பிறகு வாங்கிப் போட்டது.

முதல் அவமானம் 2013-இல். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. பத்து மணிக்கு நிகழ்ச்சி. ஒன்பதரைக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன். ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி. எங்கள் ஏரியாவில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை; முன்னே இருக்கும் வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீ சொன்னால், இப்போதைக்குத் திறக்காது என்று அர்த்தம். நான் அரங்கத்துக்குள் நுழையும்போது 10:05. 150 பிள்ளைகள். மாட்டினேன். திரையில் நீலம். நடுவில் ‘நோ சிக்னல்’.

கழற்றி மாட்டினேன். ஃபங்ஷன் விசையோடு எஃப் 7 அழுத்தினேன். எஃப் 8 அழுத்தினேன். மறுதொடக்கம் செய்தேன். லேப்டாப் மறுபடி எழுந்து வருகிற அந்த ஒன்றரை நிமிஷம் இருக்கிறதே, அதை மைக் முன்னால் நின்று கழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து பேராசிரியர் ஒருவர், கேலியே இல்லாமல், உண்மையான கரிசனத்தோடு கேட்டார்.

“விண்டோஸ் இருக்கா தம்பி?”

அரங்கம் சிரித்தது. பிறகு யாரோ ஒரு பையனின் விண்டோஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினார்கள். உடனே படம் வந்தது. என் ஸ்லைடுகளைப் பென் டிரைவில் அதற்கு மாற்றித் திறந்தால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். விண்டோஸுக்கு மாற்று இருக்கிறது என்று சொல்ல வந்தவன், விண்டோஸில் உடைந்த தமிழை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் பேசினேன். பேச்சு முடிந்ததும் ஒரு பெண் வந்து, “நல்லா இருந்துச்சு சார், ஆனா கஷ்டம் போல” என்றாள். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும். சுதந்திரம், உரிமம், மூலநிரல் என்று நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவள் பார்த்தது அந்த முதல் பத்து நிமிஷத்தைத்தான். எங்களைப் போன்றவர்களுக்கு முதல் ஸ்லைடு என்பது தலைப்புப் பக்கம் இல்லை. அந்த நீலத் திரைதான். இதை எங்கள் ஆட்களிடம் எத்தனை தடவை சொன்னாலும் “அதெல்லாம் சின்ன விஷயம்ஜி” என்கிறார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகும் நான் மேஜையருகே உட்கார்ந்திருந்தேன். மைக்செட் போட வந்திருந்த அண்ணன் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். மூலக்கொத்தளத்துக்காரர். சவுண்ட் சர்வீஸ், புரொஜெக்டர் வாடகை, சீரியல் லைட், எல்லாம் செய்வார். சுருட்டிய ஒயரைக் கட்ட சைக்கிள் டியூபை வட்ட வட்டமாக வெட்டி வைத்திருப்பார். நான் பார்த்த எந்தக் கயிறும் அந்தளவுக்குப் பிடிக்காது. அவர் வந்து, புரொஜெக்டருக்குப் படம் கொண்டுபோகிற கல்லூரியின் வி.ஜி.ஏ. ஒயரை என் லேப்டாப்பிலிருந்து உருவி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இன்னா தம்பி, பல்லு இல்லாத ஒயர வெச்சு மல்லுக்கட்டினு இருந்திருக்க.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். வி.ஜி.ஏ. முனையில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆக 15 பின். அந்த ஒயரில் மூன்றாவது வரிசையில் இரண்டு ஓட்டை காலி. ஒடிந்ததும் இல்லை, வளைந்ததும் இல்லை, செய்தவனே வைக்கவில்லை. 12-ஆவதும் 15-ஆவதும். விலை குறைந்த ஒயர்களில் செம்பு மிச்சம் பிடிக்க இப்படிச் செய்வார்கள் என்று அண்ணன் சொன்னார். 9-ஆவது பின் இல்லாத ஒயர் நிறைய உண்டு, அதில் பெரிய தோஷம் இல்லை. இந்த இரண்டும் இல்லாவிட்டால்தான் வில்லங்கம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் கதை விளங்கியது. வி.ஜி.ஏ. 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் கணினி படத்தைத் தள்ளும், திரை வாங்கிக்கொள்ளும். திரையால் தன் திறன் முழுவதையும் எடுத்துச் சொல்ல வழியில்லை. 1994-இல் வீசா என்ற தர நிர்ணய அமைப்பு அதற்கு ஒரு வழி வைத்தது. திரை தன்னைப் பற்றி 128 பைட்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். கணினி கேட்டால் கொடுக்கும். ஈ.டி.ஐ.டி. என்று பெயர். தயாரித்த நிறுவனத்துக்கு மூன்றெழுத்து, மாடல் எண், எந்த வாரம் எந்த வருஷம் பிறந்தது, எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும், அதில் எது உகந்தது, எல்லாம் அதில் இருக்கும். ஜாதகம்தான். 128 பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். இல்லாவிட்டால் ஜாதகம் செல்லாது. அந்த ஜாதகம் வந்துபோகிற இரண்டு கம்பிகள்தான் 12-உம் 15-உம்.

என் லேப்டாப், ஆள் யார் என்று கேட்டது. எதிர்முனையிலிருந்து பதிலில்லை. பதிலில்லாவிட்டால் அங்கே யாருமே இல்லை என்று முடிவுகட்டிப் படத்தை அனுப்பாமல் இருந்துவிட்டது. அந்தப் பையனின் விண்டோஸ் லேப்டாப் பதிலுக்குக் காத்திருக்காமல் படத்தைத் தள்ளிவிட்டது. விண்டோஸில் ‘எப்படியாவது இணைத்துப் பார்’ என்று ஒரு வசதியே உண்டு. லினக்ஸிலும் அதைச் செய்யலாம், எனக்குத்தான் அன்று தெரியவில்லை. மரியாதை தெரிந்த என் லேப்டாப் கெட்ட பெயர் வாங்கியது. குற்றம் ஒயரில். கூடையில் முதலில் விழுந்தது 15 பின்னும் உள்ள, இரண்டு மீட்டர் வி.ஜி.ஏ. ஒயர். அண்ணனே ஒரு டியூப் வளையம் போட்டுக் கொடுத்தார்.

கெஞ்சாமல் தள்ளுவது எப்படி என்பதை ஐ.ஐ.டி.யில் நடந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றில் கற்றுக்கொண்டேன். எக்ஸ்ரேண்டர் என்று ஒரு கட்டளை. 2007-க்கு முன்னால் இரண்டாவது திரை வேண்டுமென்றால் ஒரு அமைவுக் கோப்பைத் திறந்து, அதில் கை வைத்து, வரைகலைச் சூழலையே மூடித் திறக்க வேண்டும். ஒரு வரி தப்பினால் கறுப்புத் திரை. கீத் பேக்கார்டு முதலான நிரலாளர்கள் செய்த ரேண்ட்ஆர் 1.2 என்ற நீட்டிப்பு வந்த பிறகுதான் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைச் சேர்க்கவும் கழற்றவும் முடிந்தது. வெறுமனே எக்ஸ்ரேண்டர் என்று அடித்தால், எந்த வாயிலில், அதாவது ஒயர் மாட்டும் துவாரத்தில், எது மாட்டியிருக்கிறது, எந்த அளவெல்லாம் முடியும் என்று பட்டியல் வரும். ஜாதகம் வராத புரொஜெக்டர் என்றால் சிவிடி என்ற இன்னொரு கட்டளைக்கு 1024, 768, 60 என்று மூன்று எண் கொடுத்தால் போதும். படப்புள்ளிகள் எந்த வேகத்தில், எந்த இடைவெளியில் போக வேண்டும் என்று ஒரு வரி கணக்குப் போட்டுத் தரும். 63.50 என்று ஆரம்பிக்கும் அந்த வரி எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதை நியூமோட் என்று சேர்த்து, ஆட்மோட் என்று வாயிலோடு கட்டி, அவுட்புட் என்று திறந்துவிட வேண்டும். மூன்றே வரி. பழைய புரொஜெக்டருக்கு 1024-க்கு 768 பெரும்பாலும் ஒத்துப்போகும். அதுவும் மறுத்தால் 800-க்கு 600. லேப்டாப் திரையின் அளவிலேயே காட்ட வேண்டும் என்று அடம் பிடிப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

இந்த மூன்று வரியையும் ஒரு ஸ்கிரிப்டில் போட்டு வைத்துக்கொண்டேன். ரொம்பப் பெருமை. அதற்கு வந்த சோதனையைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் மே தினம். பெரம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சங்க அலுவலக மாடி. 1918-இல் இதே பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பற்றி ஒரு தோழர் பேச, நான் படம் ஓட்ட வேண்டும். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. எல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். இந்தத் தடவை ஜாதகமெல்லாம் சரியாக வந்தது. படமும் வந்தது. ஆனால் வாடியா மயில்நீலத்தில் இருந்தார். திரு.வி.க.வும் கடலுக்கடியில் இருப்பதுபோல் இருந்தார். பழைய போட்டோ, ஸ்கேன் செய்தவர் ஏதோ செய்துவிட்டார் போலும் என்று சமாளித்தேன். அடுத்த ஸ்லைடு செங்கொடி. முழுத் திரைக்கும் ஒரே கொடி, அதில் வெள்ளை எழுத்து.

திரையில் வந்தது கருங்கொடி. எழுத்து மயில்நீலம்.

ஒரு விநாடி மாடியே அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர், “என்னா தோழர், பெரியார் திடலுக்கு வந்துட்டமா?” என்றார். அப்படி ஒரு சிரிப்பு. திராவிடர் கழகக் கொடியிலாவது கறுப்புக்கு நடுவில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். எங்கள் திரையில் அதற்கும் வழியில்லை.

வி.ஜி.ஏ.வில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகும். 1, 2, 3 என்று முதல் வரிசையின் முதல் மூன்று பின். சிவப்புப் பின் தொடவில்லையென்றால் வெள்ளையெல்லாம் மயில்நீலமாகும், சிவப்பெல்லாம் கறுப்பாகும். பச்சை போனால் எல்லாரும் ரோஸ் கலரில் இருப்பார்கள். நீலம் போனால் மஞ்சள் காமாலை. படத்தைப் பார்த்தே எந்தப் பின் என்று சொல்லிவிடலாம். கழற்றிப் பார்த்தேன், முதல் பின் படுத்துக் கிடந்தது. யாரோ கோணலாகச் செருகியிருக்கிறார்கள். விரலால் நிமிர்த்தினால் ஒடியும், ஊக்கால் நெம்பினாலும் ஒடியும். தோழர் ஒருவரின் மகளிடம் லீட் பென்சில் வாங்கி, லீடை வெளியே எடுத்துவிட்டு, அந்த உலோக மூக்கைப் பின்னின் மேல் செருகி மெதுவாக நிமிர்த்தினேன். அது பின்னை முழுசாகக் கவ்விக்கொண்டு தூக்கும். மறுபடி மாட்டியதும் திரை சிவந்தது. கைதட்டல். என் வாழ்க்கையில் எந்த ஸ்லைடுக்கும் கிடைக்காத கைதட்டல். லீட் பென்சில் கூடைக்குள் போனது.

காசிமேட்டில் பேசப்போனால் இன்னொரு தொல்லை. கடல் காத்து. பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். அதுவும் கூடையில் இருக்கிறது.

பிறகு லேப்டாப்காரர்கள் வி.ஜி.ஏ. துவாரத்தையே எடுத்துவிட்டு, எச்.டி.எம்.ஐ. என்ற புதுத் துவாரத்தை வைத்தார்கள். புரொஜெக்டர்கள் மட்டும் அப்படியே இருந்தன. பர்மா பஜாரில் ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறு பக்கம் வி.ஜி.ஏ. என்று அழகான ஒயர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கினேன். ஒருநாளும் படம் வரவில்லை. வராது. எச்.டி.எம்.ஐ. எண்களாக அனுப்புகிறது, வி.ஜி.ஏ. மின்னழுத்தமாக எதிர்பார்க்கிறது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். சும்மா இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்தால் என்ன ஆகும்? சிப் உள்ள டப்பா தனியாக உண்டு. அது எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து வரும் 5 வோல்ட்டில் ஓடும். அந்த வாயில் உத்தரவாதமாகக் கொடுப்பது 55 மில்லி ஆம்பியர்தான். சில டப்பாக்களுக்கு அது அரை வயிறு. படம் வந்து வந்து போகும். பக்கவாட்டில் சின்ன யு.எஸ்.பி. துவாரம் உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்கி, பவர் பேங்கில் மாட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. நான் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றை யாராவது இரவல் கேட்பார்கள், திரும்பி வராது.

ஒரு காலத்தில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் ஒன்றும் வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ரகத்தில் பல மாடல்களில் லேப்டாப்பின் சொந்தத் திரை ஒரு சிப்பிலும், எச்.டி.எம்.ஐ. துவாரம் இன்னொரு சிப்பிலும் பற்றவைக்கப்பட்டிருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க இரண்டாவது சிப்பைத் தூங்கவைத்தால் துவாரமும் சேர்ந்து செத்துவிடும். எந்தத் துவாரம் எந்தச் சிப்பில் என்பதை சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டி.ஆர்.எம். என்று போய்ப் பார்த்தால் தெரியும். கார்டு 0, கார்டு 1 என்று தனித்தனியாக இருக்கும். அங்கேயே ஸ்டேட்டஸ் என்ற கோப்பில் மாட்டியிருக்கிறதா இல்லையா என்றும் இருக்கும். பேசப் போகிறவர்கள் அந்த மாதிரி லேப்டாப்பை வாங்காமல் இருப்பது உத்தமம். நான் விற்றுவிட்டேன்.

சரி, என் ஸ்கிரிப்ட். 2019-இல், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 10-ஆவது பதிப்பு வந்தது. ஏற்றினேன். எல்லாம் நன்றாக இருந்தது. வியாசர்பாடியில் ஒரு இரவுப் பாடசாலை. மூன்று தெரு தள்ளி மைதானத்தில் ஃபுட்பால் பயிற்சி முடித்து, முழங்காலில் மண்ணோடு பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் வேட்டி கட்டித் திரை. எங்கள் மைக்செட் அண்ணன்தான் புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார், காசு வாங்காமல். நான் மாட்டிவிட்டு, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் பந்தாவாக ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிழை. மறுபடி ஓட்டினேன். பிழை. எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் அடித்தேன். எச்.டி.எம்.ஐ. என்று ஒரு வாயிலே இல்லை. எக்ஸ்வேலேண்ட் பூஜ்யம் என்று ஏதோ ஒன்று இருந்தது.

எக்ஸ் என்ற வரைகலை அமைப்பு 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதற்குப் பதிலாக வேலேண்ட் என்ற ஒன்றை கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கினார். டெபியன் 10-இல் க்னோம் என்ற மேசை, அதாவது திரையில் தெரியும் பணிச்சூழல், இயல்பாகவே வேலேண்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. வேலேண்டில் எக்ஸ்ரேண்டர் பார்ப்பது நிஜத் திரையை அல்ல. பழைய செயலிகளுக்காக வைத்திருக்கும் ஒரு பொம்மைத் திரையை. அங்கே எவ்வளவு கத்தினாலும் நிஜத் திரைக்குக் கேட்காது. ஊர் மாறிப்போனது தெரியாமல் பழைய விலாசத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு வேர்த்துக் கொட்டியது. அண்ணன் புரொஜெக்டர் பக்கம் நின்றபடி, “ஒயரு நல்லாத்தான் தம்பி இருக்கு, 15-உம் இருக்கு, பாத்துட்டேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். “சார், நா ஒன்னு அழுத்தவா?” என்றாள். அழுத்தினாள். சூப்பர் விசையோடு ‘பி’. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: ஒரே படம் இரண்டிலும், சேர்த்து ஒரே மேசை, வெளித்திரை மட்டும், உள்திரை மட்டும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள். வேட்டியில் என் டெர்மினல் வந்தது, நான் அடித்த எல்லாப் பிழைகளோடும்.

“எப்படிம்மா தெரியும்?” என்றேன்.

“எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்புல இதான் சார் அழுத்துவோம். டிவில போட்டு படம் பாப்போம்.”

அரசு இலவச லேப்டாப். 2011-இலிருந்து கொடுத்தார்கள். அதில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு கணினி ஆய்வு மையம் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் ஆசையாகக் கேட்டேன், “அதுல பாஸ்னு ஒன்னு இருக்குமே, அதுலயா?” என்று. “அதையா? அத எங்க அண்ணன் அழிச்சுட்டு கேம் போட்டுட்டான் சார்.” அவள் அழுத்தியது விண்டோஸில் பழகிய விசை. அது க்னோமிலும் வேலை செய்யும், கேடிஇயிலும் செய்யும், இன்னும் பல மேசைகளிலும் செய்யும். ஆறு வருஷமாக நான் மூன்று வரி மனப்பாடம் செய்து வைத்திருந்ததற்கு அவளிடம் இரண்டு விரல் இருந்தது. ஸ்கிரிப்டை இன்னும் அழிக்கவில்லை. ஜாதகம் வராத புரொஜெக்டரில் எக்ஸ் அமர்வுக்குள் போய் ஓட்டினால் இப்போதும் வேலை செய்யும். ஆனால் பந்தாவாக ஓட்டுவதில்லை. இன்னொன்று, வாயிலின் பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும், ஒன்றில் வி.ஜி.ஏ. 1, இன்னொன்றில் நடுவில் ஒரு சிறு கோடு. அந்த ஒரு கோட்டுக்காக ஒரு மேடையில் ஐந்து நிமிஷம் போயிருக்கிறது.

ஒரே படத்தை இரண்டிலும் காட்டுவதா, இரண்டையும் சேர்த்து நீட்டுவதா என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து புது இடத்தில் முதலாவதுதான் பாதுகாப்பு. நீட்டினால் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரஸ் உங்கள் பக்கம் குறிப்புகளும் அடுத்த ஸ்லைடும், மக்கள் பக்கம் ஸ்லைடு மட்டும் என்று அழகாகப் பிரித்துத் தரும். இடம் மாறினால் குறிப்புகள் மக்கள் பக்கம் போய்விடும். ஒரு பள்ளியில் அப்படித்தான், ‘தலைமையாசிரியை பெயரை இரண்டு தடவை சொல்லு’ என்று நான் எனக்கு எழுதி வைத்திருந்தது ஆறடி உயரத்துக்குத் தெரிந்தது. அந்த அம்மா முன்வரிசையில். இடம் மாற்ற அந்தக் கட்டுப்பாட்டுத் திரையிலேயே எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எனக்கு அன்று அதைத் தேடக் கண் தெரியவில்லை.

எழுத்து உடைந்த கதைக்கு வைத்தியம் சுலபம். கிளம்புவதற்கு முன்னால் ஸ்லைடுகளைப் பி.டி.எஃப். ஆக்கி, பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. பி.டி.எஃபுக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகிறது, யார் லேப்டாப்பில் திறந்தாலும் ‘கொ’ ‘கொ’வாகவே இருக்கும். ஸ்லைடு பறந்து வந்து சுழன்று நிற்கிற வித்தையெல்லாம் போய்விடும். போகட்டும்.

இப்போது பல பள்ளிகளில் புரொஜெக்டர் போய் டிவி வந்துவிட்டது. எச்.டி.எம்.ஐ. மாட்டினால் படம் வருகிறது. ஓரம் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படுகிறது. குழாய் டிவி காலத்துப் பழக்கம். ஓரத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அப்போது கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார்கள், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. லேப்டாப்பில் எதையும் நோண்ட வேண்டாம். டிவி ரிமோட்டில் பட அளவு என்ற இடத்துக்குப் போய் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், ஒன்றுக்கு ஒன்று, இப்படி ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதை வைத்தால் போதும். கஷ்டம் அந்த ரிமோட் தலைமையாசிரியர் பீரோவில் பூட்டியிருப்பது.

சத்தம் தனிக்கதை. எச்.டி.எம்.ஐ. மாட்டியதும் சத்தமும் அது வழியே போய், ஸ்பீக்கரே இல்லாத புரொஜெக்டருக்குள் செத்துவிடும். ஒலி அமைப்பில் போய் வெளியீட்டைத் திரும்பவும் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். அங்கிருந்து ஹெட்போன் துவாரம் வழியாக மைக்செட்டுக்குக் கொடுத்தால் ‘ஊம்’ என்று ஒரு இரைச்சல். இதற்கு நான் டிரைவரையெல்லாம் சந்தேகப்பட்டு அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். அண்ணன் வந்து, “சார்ஜரப் புடுங்கு தம்பி” என்றார். பிடுங்கினேன். நின்றுவிட்டது. சார்ஜர் வழியாகவும் ஆம்ப்ளிஃபையர் வழியாகவும் எர்த் இரண்டு பாதையில் போய்ச் சுற்றிக்கொள்வதால் வரும் இரைச்சல் அது. அன்றிலிருந்து பேட்டரியை நிறைத்துக்கொண்டுதான் போகிறேன்.

டைப் சி பற்றி நிறைய எழுதலாம், இப்போதைக்கு ஒன்று மட்டும். துவாரம் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக எல்லாத் துவாரத்திலும் படம் வராது. சிலது சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும். டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளதா என்று லேப்டாப்பின் குறிப்பில் பார்த்துவிட்டு டப்பா வாங்குங்கள். டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டப்பா என்றால் அதற்குத் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸின் மையமான கர்னல் மாறும்போது அதையும் புதிதாகக் கட்ட வேண்டும். பேச்சுக்கு முந்தின நாள் கர்னலைப் புதுப்பிக்காதீர்கள். நான் புதுப்பித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். மீன் பிளாஸ்டிக் பையில். கூடையைக் கேட்டால் நான் கொடுப்பதில்லை. அண்ணனிடமிருந்து போன். பின்னால் கூட்டச் சத்தம்.

“தம்பி, ராயபுரத்துல ஒரு மண்டபத்துல கீறேன். ஒருத்தரு லேப்டாப் எட்த்துனு வந்துகீறாரு. படம் வரல. லினக்ஸாம்.”

“ஒயர் பாத்தீங்களாண்ணே?”

“அதெல்லாம் பாத்துட்டேன் தம்பி. ஒயர மாத்தியும் பாத்துட்டேன். அந்தப் பாப்பா அன்னிக்கு ஏதோ அழுத்துச்சே, ‘பி’ன்னு. அது கூட இன்னா அழுத்தணும்?”

“சூப்பர் பட்டன்ண்ணே.”

“சூப்பரா? அப்டி ஒன்னும் எழுதலியே இதுல.”

“எழுதியிருக்காதுண்ணே. கீழ் வரிசைல இடது பக்கம் பாருங்க. விண்டோஸ் படம் போட்ட பட்டன் ஒன்னு இருக்கா?”